கொழுப்பை அடக்கி எடுத்த படம்

என் மகனுக்கு, அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உன் நலம் எனக்கு அன்றாடம் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் உன் அம்மாவின் போனில் நீ வந்துவிடுகிறாய். மத்தியானம் என்ன சாப்பிட்டாய், பம்பு கம்பெனியில் உன் சூப்பர்வைசர் எதற்குக் கத்தினார், கோயம்புத்தூரில் மழையா வெயிலா, எல்லாம் அடுக்களையிலிருந்து என் காதில் விழும். என் நலத்தையும் நீ அவளிடமே விசாரித்துக்கொள்கிறாய். "அப்பா எப்படிம்மா இருக்காக?" என்று கேட்பாய். "அவுகளுக்கென்ன, நல்லாத்தான் இருக்காக" என்பாள் அவள். நான் நாலு எட்டு தள்ளி உட்கார்ந்து, நான் நன்றாக இருக்கும் செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஆகையால் நல விசாரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பஸ் டிக்கெட் வந்தது. சிவகாசியிலிருந்து கோயம்புத்தூருக்கு, உன் அம்மா பெயரில், ஒரே ஒரு டிக்கெட். முழங்கால் மூட்டுக்குள் இருக்கிற கட்டியை அங்கே ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட்டு, நன்றாக நடை பழகும்வரை உன்னோடு வைத்துக்கொண்டு, தை மாதம் உன் கல்யாணத்துக்குள் எழுப்பி நிறுத்திவிடலாம் என்பது உன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். "அப்பாவுக்கு இப்ப காலண்டர் சீசன், கம்பெனிய விட்டு வர முடியாது, நான் ஒருத்தனே பாத்துக்கிடுதேன்" என்றும் சொன்னாயாம். என்னைப் பற்றிய இந்த முடிவையும் நீ அவளிடம்தான் சொன்னாய். போனிலேயே உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசும்போது அவள் பக்கத்தில் இருப்பாள், அவள் இருந்தால் நான் பெரிய மனுஷனாகப் பேசித் தொலைத்துவிடுவேன். அதனால் திருத்தங்கல் பிரஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், வீணாய்ப்போன காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பின்னால் ஓடுகிற மிஷின்தான் காரணம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற பிள்ளைமேல் தகப்பனுக்குப் பொறாமையா என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். மற்றவர்கள் பங்காளிமேல் படுகிற பொறாமையை நான் மகன்மேல் படுகிறேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே இது உண்டு. உன் அம்மா பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்ததும், அன்றைக்கு அங்கே யார் யாரோடு சண்டை, யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ஃபோர்மேன் எப்படி வழுக்கி விழுந்தார் என்று உன்னிடம் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். நடித்துக்கூடக் காட்டுவாள். நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால் சிரிப்பு நின்றுவிடும். "வாங்க, சாப்பிடுறீகளா?" என்பாள். அந்த ஃபோர்மேன் எப்படி விழுந்தார் என்பது எனக்கு இன்று வரைக்கும் சரியாகத் தெரியாது.

இப்போதும் ஒன்றும் குறையவில்லை. போன மாதம் நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் அம்மா எடுக்கவில்லை என்று பதறினாயே, அந்தப் போன் தானாக சைலண்டுக்குப் போகவில்லை. உனக்கென்று அவள் கட்டி அனுப்பிய காரச்சேவுப் பொட்டலம் பாதியாக வந்ததே, அதற்கும் பஸ்காரனைக் குறை சொல்லாதே. இதையெல்லாம் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சேவு நன்றாக இருந்தது.

அவள் முழங்கால் விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. ஒரு லீவு நாளில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், எழுந்திருக்கப் பார்த்தாள், கால் வரவில்லை. மடக்கினபடியே பூட்டிக்கொண்டுவிட்டது. நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் முகம் வெளுத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தேன். என்ன ஏது என்று கேட்கிறேன், எனக்குப் பதில் இல்லை. "அந்தப் போன எடுங்க, தம்பிகிட்டச் சொல்லணும்" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் நீ கேட்டாய்: "போன தடவ மாதிரியே பூட்டிக்கிட்டாம்மா? அதே காலுதானா?" போன தடவை. எனக்குத் தெரியாமல் ஒரு போன தடவை இருந்திருக்கிறது. வீடியோவில் காட்டு என்றாய். அவள் சேலையை முழங்காலுக்கு மேலே ஏற்றி, போனுக்குக் காட்டினாள். நானும் எட்டிப் பார்க்க வந்தேன். "செத்த தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கீக" என்றாள். நானும் தள்ளித்தான் நின்றேன். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற நான் பார்க்காத முழங்காலை நீ கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பார்த்தாய்.

அவள் சாய்ந்து சாய்ந்து நடப்பதை நான் கவனிக்காமல் இல்லை. ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் கம்பெனியில் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து திரி சொருகுகிற வேலை. வேனில் ஏறும்போது ஒரு காலையே நம்பி ஏறுவாள். கேட்டால் "வாயு" என்பாள். வயசானால் எல்லோருக்கும் வாயுதானே என்று நானும் விட்டுவிட்டேன். பூட்டிக்கொண்ட மறுநாள் நம் ஊர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரு முறைதான் நான் மட்டும் அவளோடு போனது. எக்ஸ்ரே எடுத்தார், எலும்பு நன்றாக இருக்கிறது, லேசான தேய்மானம் என்று மாத்திரை எழுதினார். நான் நிம்மதியாக வந்தேன். எலும்பைக் காட்டுகிற படத்தில் எலும்பில்லாதது எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. லீவு போட்டுவிட்டு வந்து, விருதுநகர் எலும்பு டாக்டரிடம் அவளை அழைத்துப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன், யாரும் கூப்பிடாமல்.

அந்த டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்து, உள்ளே நீர் கோத்திருக்கிறது என்றார். வயிற்றுக்குப் பார்ப்பார்களே, அந்த ஸ்கேனைக் காலில் வைத்துப் பார்த்து, முழங்கால் சிரட்டைக்கு மேலே மூட்டுக்குள் ஒரு கட்டி மாதிரி தெரிகிறது, என்னவென்று எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் சொல்ல முடியும் என்றார். பிறகு அவளிடம், "எம்புட்டு நாளா இருக்கும்மா?" என்று கேட்டார். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றாள். வீட்டில் சொல்லவில்லையா என்றதற்கு, "மகன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். உன் அம்மாவும் என்னைப் பார்த்துவிட்டு, நான் அந்த ரூமிலேயே இல்லாத மாதிரி சொன்னாள்: "இவுககிட்டக் கட்டின்னு சொன்னா, நான் ரெண்டு பேருக்கு வைத்தியம் பாக்கணும் டாக்டர். இவுகளுக்குச் சோறு எறங்காது."

அது பொய்யில்லை. உன் பெரிய அத்தை, என் அக்கா, கட்டி வந்துதான் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குத் தொண்டைக்குழி அடைத்துக்கொள்கிறது. தெரு நாய்க்குக் கழுத்தில் கட்டி வந்ததற்கு நான் ரெண்டு வேளை பட்டினி கிடந்தேன் என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு வேளைதான். ஆனாலும் அன்றைக்கு டாக்டர் ரூமில் எனக்கு வந்தது பயமில்லை, கோபம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று என்னைத் தள்ளி வைத்திருக்கிறாள். அவள் பாரத்தை நீ சுமந்திருக்கிறாய். சுமந்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு உன்னை நாலு சாத்து சாத்தலாம்போல இருந்தது.

ஸ்கேன் சென்டரில் நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ பார்த்திருக்க மாட்டாய். அந்த டெக்னீசியன் பெண், உடம்பில் இரும்பு, நகை, போன் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். மற்றவர்கள் முகம் சுளிப்பார்களாம். உன் அம்மாவுக்கு அது பழகின விஷயம். பட்டாசுக் கம்பெனியிலும் போன் கூடாது, நைலான் சேலை கூடாது, ஆயிரம் கூடாது. மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, தாலிச் சங்கிலியைக் கழற்றி உன் கையில் கொடுத்தாள். கட்டினவன் நான் பக்கத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், உன் கையில் கொடுத்தாள்.

அவள் உள்ளே போய்ப் படுத்ததும், காலில் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். மிஷின் முதலில் டக், டக் என்றது. பிறகு சரவெடி மாதிரி படபடவென்று அடித்தது. அவ்வளவுதான், கூண்டிலிருந்து காலை உருவிக்கொண்டு, நொண்டிக்கொண்டே கதவுக்கு ஓடி வந்துவிட்டாள். படம் கெட்டுப்போயிற்று. டெக்னீசியன் பெண், "அம்மா, அது வெறும் சத்தம்தான், ஒண்ணும் செய்யாது" என்று கெஞ்சினாள். உன் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "மொத சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம வெளிய ஓடணும்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு தாயி. எங்க ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் உண்டு. இங்கன ஒரு வாசல்தான் இருக்கு" என்றாள். கம்பெனியில் ஒருமுறை பக்கத்து ரூமில் தீப்பிடித்தபோது அப்படி ஓடித்தான் அவள் பிழைத்தாள். அந்தக் காலை ஓடாதே என்று சொன்னால் கேட்குமா?

யாராவது ஒருவர் கூட நிற்கலாம் என்றாள் அந்தப் பெண். நான் முந்திக்கொண்டேன். சட்டைப்பையைக் காலி செய்தேன், வாட்சைக் கழற்றினேன். அப்போது அவள் வரிசையாகக் கேள்வி கேட்டாள். ஆப்பரேஷன் செய்து உள்ளே ஏதும் வைத்திருக்கிறதா? இல்லை. கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்திருக்கிறதா? இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிரஸ்ஸில் தாள் வெட்டுகிற கட்டிங் மிஷின் கத்தியைச் சாணை பிடிக்கும்போது ஒரு துணுக்கு தெறித்து, கண் டாக்டர் எடுத்தது போக ஒரு துளி உள்ளேயே இருக்கிறது, தொந்தரவு செய்யாது என்று விட்டுவிட்டார். அதைச் சொன்னேன். "அப்படின்னா நீங்க வரக் கூடாதுங்கய்யா. காந்தம் அதை இழுத்துரும்" என்றாள். பெல்ட், போன், பர்ஸ், சாவிக்கொத்து, கடைசியில் என் பெண்டாட்டியின் தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாய். கோட் ஸ்டாண்டு மாதிரி நான் நின்றேன். ஒரு துளி இரும்பு.

பாவம் என்று அந்தப் பெண் என்னைத் தன் பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவிட்டாள். நீ அம்மாவின் தலைமாட்டில் நின்று கையைப் பிடித்திருந்தாய். மறுபடியும் மிஷின் அடித்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. நீ குனிந்து என்னவோ சொன்னாய், அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது, ஆனால் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே வந்தால் நின்றுபோகிற அதே சிரிப்பு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பதற்கு நான் ஏற்கனவே பழகினவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா, படத்தை முதலில் பார்த்தது நான்தான். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தீர்கள். எனக்கு முன்னால் கம்ப்யூட்டரில் அவள் முழங்கால் வந்தது. சிரட்டைக்கு மேலே, பளிச்சென்று வெள்ளையாக ஒரு உருண்டை. கொஞ்ச நேரத்தில் அதே இடம் இன்னொரு படமாக வந்தது. அதில் அந்த வெள்ளை உருண்டை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. சுற்றி இருக்கிற நீர் மட்டும் வெள்ளையாக மினுங்கியது. நான் பிரஸ்காரன். ஒரு சாமி படத்தைக் கலருக்கு ஒன்றாக நாலு பிளேட்டாகப் பிரித்தால், ஒன்றில் தெரிகிற நகை இன்னொன்றில் காணாமல் போகும், அது எனக்குப் புரியும். ஆனால் வெள்ளை எப்படிக் கருத்துப்போகும்? அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "டாக்டர்தான் சொல்லணுங்கய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலை அவசரத்தில் திருப்பியிருப்பாள். எனக்கு, சொல்லக் கூடாததை மறைக்கிறாள் என்று பட்டது. உள்ளே எரிந்து கரியாகப் போயிற்று என்று நானாக நினைத்துக்கொண்டேன். என் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் நீ டீயும் வடையும் வாங்கி வந்தாய். எனக்குப் பசியில்லை என்றேன். உன் அம்மா உன்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். 'பாத்தியா, இதுக்குத்தான்' என்று அதற்கு அர்த்தம். நான் பார்த்ததை உங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. நீங்களாவது வடையைத் தின்னட்டும் என்று விட்டேன். அவள் ஏன் என்னிடம் மறைத்தாள் என்பது அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கினாலும் பொறாமை போகவில்லை, அது வேறு விஷயம்.

பிறகு எலும்பு டாக்டர் அந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய், நான்தான் கேட்டேன், அது ஏன் கருத்துப்போனது என்று. "நல்ல கேள்வி" என்றார் டாக்டர். "அதை வச்சுத்தான் கண்டுபிடிச்சோம். மொதப் படத்துல கொழுப்பு எல்லாம் வெள்ளையாத் தெரியும். பாருங்க, தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பும் வெள்ளை, இந்தக் கட்டியும் வெள்ளை. அடுத்த படம், கொழுப்ப மட்டும் அடக்கி எடுக்கிற படம். அதுல கொழுப்பு எங்க இருந்தாலும் கருத்துரும். தோலுக்கு அடியிலயும் கருத்துருச்சு, கட்டியும் கூடவே கருத்துருச்சு. வேற கட்டியா இருந்தா இப்படி ரெண்டும் ஒண்ணு போல மாறாது. மருந்து ஏத்தி எடுத்ததுலயும் கட்டி மருந்த வாங்கல, ஓரம் சுத்தமா இருக்கு. இது வெறும் கொழுப்புக்கட்டி. சாதுவானது. மூட்டுக்குள்ள வர்றதுதான் அபூர்வம். இடுக்குல மாட்டிக்கிட்டாப் பூட்டிக்கிடுது. சின்ன துளை போட்டு எடுத்துட்டு, எடுத்ததப் பரிசோதனைக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கிடுவோம். அம்புட்டுத்தான்." அது கேன்சர் இல்லையே என்று நீ கேட்டாய், இல்லை என்றார். நீ அதையே மறுபடியும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாய். நீயும் பயந்துதான் இருந்திருக்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உன் அம்மா அந்தக் கருப்பு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கலியாணம் ஆன நாள்லருந்து எனக்குக் கொழுப்பு, எனக்குக் கொழுப்புன்னு இவுக சொல்லிக்கிட்டே இருந்தாக டாக்டர். அது முட்டியில போய் உக்காந்துருக்குன்னு நீங்கதான் கண்டுபிடிச்சிருக்கீக. இவுக இம்புட்டு வருசமா அடக்க முடியாதத உங்க மிஷின் ஒரு நிமிசத்துல அடக்கிருச்சு" என்றாள். டாக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார், நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எண்ணெய்ப் பரோட்டா கடையில் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து நீயே பயந்துவிட்டாய்.

தை மாதம் உன் வீட்டுக்கு ஒருத்தி வரப்போகிறாள். தகப்பன் என்கிற முறையில் புத்திமதி சொல்ல வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உனக்குப் பயம் வரும்போது அவள் முன்னால் ரெண்டு வாய் சாப்பிட்டுவிடு. கஷ்டமாக இருந்தாலும் முழுங்கு. சோறு இறங்காத புருஷனிடம் எந்தப் பெண்ணும் கெட்ட செய்தியைக் கொண்டுவர மாட்டாள், வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாள். அந்த வேறு ஆள் உன் மகனாகவே இருந்தாலும் உனக்கு எரியும். எவ்வளவு எரியும் என்று இந்தக் கடிதத்தைப் படித்தால் தெரிந்திருக்கும். இன்னொன்று, அவள் வாயு என்று சொன்னால் நம்பாதே.

இனி டிக்கெட் விஷயம். முதலாளியிடம் பேசிவிட்டேன். சீசனில் மிஷினை விட்டுப் போகிறேன் என்கிறாயே என்று குதித்தார். ஆள் மாற்றிவிட்டுத்தான் போவேன், ஆனால் போவேன் என்றேன். காலண்டர் என்னைத் தவிர வேறு ஆளும் அடிப்பான். ஆகையால் இன்னொரு டிக்கெட் எடு. பக்கத்து சீட்டாக இருக்க வேண்டும். அது போய்விட்டது என்றால், எடுத்ததை ரத்து செய்துவிட்டு இரண்டாகப் போடு. பகலில் நீ வேலைக்குப் போ, லீவை எல்லாம் கல்யாணத்துக்கு வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் நான் இருந்துகொள்கிறேன். ஆப்பரேஷன் நடக்கிற அன்றைக்கு மட்டும் நீயும் வா, ஆனால் கதவுக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு.

இவ்வளவு அடமாக ஏன் கேட்கிறேன் என்றால், அதற்கு நேற்று நடந்த ஒன்று காரணம். நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் முதலில் சாப்பிட்டேன். ரசம், மோர் வரைக்கும், அவள் கண் பார்க்கும்படி சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்து, "காலக் காட்டு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"பாக்கணும்."

"அதான் மகன் எல்லாத்தையும் பாத்துட்டான்ல. நீங்க பாத்து என்ன செய்யப் போறீக?"

"அவன் போன்ல பாத்தான். நான் கையால பாக்கேன்."

அவள் கட்டிலில் காலை நீட்டி, சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டாள். சிரட்டைக்கு மேலே புடைத்துக்கொண்டிருந்தது. கையை வைத்தேன். சப்பாத்தி மாவு மாதிரி மெத்தென்று விரலுக்கடியில் நழுவியது. எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள், வழக்கம்போல. நான் கையை எடுக்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்:

"வலியத் தாங்கிக்கிடுவேன். இடுப்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி போடுவாகளாம்ல. காலு இருக்கதே தெரியாதாம். அந்நேரம் பாத்து எதுவும் வெடிச்சிட்டா, நான் எப்படிங்க ஓடுவேன்?"

ஆஸ்பத்திரியில் என்ன வெடிக்கப்போகிறது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவள் கேட்டது ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை. "நான் வாசல்லயே இருப்பேன். எதுவும்னா உள்ள வந்து தூக்கிட்டு ஓடியாந்துருவேன்" என்றேன்.

"ஆமா, உங்க வயசுக்கு என்னையத் தூக்கிருவீகளாக்கும்" என்று சிரித்தாள். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

"இதத் தம்பிகிட்டச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"அவன்கிட்டச் சொல்லல. சொன்னா அவனுக்குச் சோறு எறங்காது. நீங்களும் சொல்லிறாதீக."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். வாக்கைக் காப்பாற்றுகிற ஆள்தான் நான், உனக்கே தெரியும். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவள் என்னிடம் முதலில் சொன்னாள், உன்னிடம் சொல்லவில்லை. இது உனக்குத் தெரியாமலே போய்விட்டால் எனக்கு ஆறாது. படித்துவிட்டு, தெரிந்த மாதிரி அவளிடம் காட்டிக்கொள்ளாதே, சாப்பிட்டுவிட்டுப் படு. டிக்கெட் எடுத்ததும் அம்மாவுக்குப் போன் போடாதே, என்னைக் கூப்பிட்டு என்னிடம் சொல். என் நம்பர் உன்னிடம் இருக்கிறதல்லவா?

உன் அப்பா